கண்மாயில் கிடப்பது உங்கள் வயல் மண்

(மண், நீர் பாதுகாப்பு பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் இருந்து கைப்பேசியில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கண்மாய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு மூச்சில் நாரையே பறந்து கடக்க முடியாத அளவு பெரிசு என்று அர்த்தம். ஆனால் எவ்வளவு பெரிய கண்மாயானாலும் வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டால், தண்ணீர் நிற்கிற இடம் குறையத்தானே செய்யும்?

"எங்க ஊர்ல மழையே இல்லைங்க" என்று அடிக்கடி கேட்கிறோம். மழை இருக்கிறது. வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறத்தாழ 40,000 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு வண்டி. வரப்பு சரியில்லாத புன்செயில் இந்தத் தண்ணீர் சும்மா ஓடுவதில்லை, மேல்மண்ணையும் வாரிக்கொண்டுதான் ஓடுகிறது. நீங்கள் போட்ட எரு, கிடை போட்ட சத்து எல்லாம் அதோடு போகிறது. போய்ச் சேருகிற இடம் கண்மாய்.

ஆக, கண்மாயில் கிடக்கிற வண்டல் பாதி உங்கள் வயல் மண்தான். அதைத் திரும்ப எடுத்து வயலில் போட்டால் கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். நம்ம முன்னோர் கோடையில் மாட்டுவண்டி கட்டிச் செய்த வேலைதான் இது.

இப்போது அதற்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. 2024 முதல் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம். மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டாம். மண்ணுக்குக் கட்டணம் கிடையாது, டிராக்டர் செலவு மட்டும் உங்களுடையது. இ-சேவை இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் என்றால் ஏக்கருக்கு 90 கன மீட்டர். உங்கள் நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைச் சிட்டாவில் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகுதான் கவனம் வேண்டும். வண்டல் எடுக்கிறேன் என்று இறங்கி, கிணறு மாதிரித் தோண்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும், அங்கே நிற்கிற தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறி வராது. "கிடக்கட்டுமே, ஆடு மாடு குடிக்கும்" என்பார்கள். குடிக்கும்தான். ஆனால் செங்குத்தான குழியில் கண்மாய் நிறைந்த பிறகு ஆழம் தெரியாது. குளிக்க இறங்குகிற பிள்ளைகள் அதில் சிக்கினால் வெளியே வருவது கஷ்டம். ஆண்டுதோறும் இப்படிச் சாவுச் செய்தி படிக்கிறோமே, போதாதா?

இன்னொன்று, வண்டலுக்குக் கீழே இருக்கிற களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதையும் உடைத்து மணலோ சரளையோ தெரிகிற வரை போனால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கிணற்றுக்காரருக்கு அது லாபமாக இருக்கலாம், மடைப் பாசனத்தை நம்பி நெல் போட்டவருக்கு நஷ்டம். அதனால் கரையை ஒட்டித் தோண்டாமல், தள்ளிப் போய், பரவலாக, மேலாக எடுக்க வேண்டும். ஊரில் நீர்பாய்ச்சி இருந்தால் அவரைக் கூப்பிட்டு மடை மட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜேசிபி டிரைவருக்கு அது தெரியாது.

எல்லா வண்டலும் எல்லா நிலத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணல் சாரியான புன்செய்க்கும் செம்மண் நிலத்துக்கும் வண்டல் அருமையாகப் பேசும். ஏற்கெனவே களியாக இருக்கிற வயலுக்கு மேலும் களி எதற்கு? கடலோரக் கண்மாய்களில் உவர் கலந்த வண்டலும் உண்டு. ஒரு கிலோ மண்ணை எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவைப் பார்த்த பிறகு டிராக்டரைக் கூப்பிடுங்கள். அவசரப்பட்டு முப்பது லோடு அடித்துவிட்டால் திரும்ப அள்ள முடியாது.

கண்மாயை மட்டும் ஆழமாக்கிவிட்டு வரத்துக்காலை விட்டுவிடுகிற ஊர்களும் உண்டு. தண்ணீர் வருகிற வழியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும், அல்லது யாரோ வரப்பைத் தள்ளிப் போட்டு வாய்க்காலையே வயலாக்கியிருப்பார்கள். மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிகிற தண்ணீர்தான் கீழூர்க் கண்மாய்க்கு வருகிறது. நடுவில் ஒரு இடத்தில் அடைத்தால் கீழே உள்ள அத்தனை ஊரும் காய வேண்டியதுதான்.

இங்கேதான் உங்கள் கையில் இருக்கிற போன் உதவும். வருவாய்த் துறையின் இ-சேவைகள் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேட்டில் அந்த இடம் ஓடையா, வாய்க்காலா, பட்டாவா என்று தெரியும். சந்தேகம் உள்ள இடத்தைப் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு மனு எழுதுங்கள். "எங்க ஊர் வாய்க்காலைக் காணோம்" என்று பொதுவாக எழுதினால் நடவடிக்கை எடுப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் மனு போட வேண்டியிருக்கிறதே என்று தயங்குவீர்கள், புரிகிறது. அதனால்தான் தனியாளாகப் போகாமல் கிராம சபையில் வைக்கச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று தீர்மானமாகப் போட்டால் ஊர் கேட்டதாக ஆகும், ஒருவர் கேட்டதாக ஆகாது. அதற்கும் பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது.

வயலில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு, உடைந்த வரப்புக்கு மண். இடம் இருந்தால் தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை. 30 மீட்டர் நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

வண்டல் எடுக்க நினைப்பவர்கள் சித்திரையிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கண்மாய் காய்ந்து கிடக்கிற வரைதான் வேலை. புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் டிராக்டர் உள்ளே இறங்காது. அப்புறம் அடுத்த கோடைதான்.