கடைவாயிலில் ஒரு கரும்பலகை

சாயல்குடிக் கடைத்தெருவில் கருப்பட்டி விற்பவர், வண்ணம் தீட்டி விலை எழுதிவைத்தால் விலை மாறியதும் பலகை பொய்யாகிவிடும். அவருக்கு ஏற்றது கரும்பலகையே.

முன்னாளில் பள்ளிப் பிள்ளைகள் ஊமத்தை இலையையோ கோவை இலையையோ அடுப்புக் கரியோடு அரைத்துப் பலகையில் பூசியதை நேயர்கள் பலர் அறிவீர்கள். ஊமத்தை நஞ்சு, கோவையே போதும் என்பேன். புதிதாகச் செய்வோர் மரப்பலகையை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணத்தை இருமுறை பூசி, நன்கு உலர விடுக.

உடனே எழுதத் தொடங்காதீர்கள். சுண்ணக்கட்டியைப் படுக்கையாகப் பிடித்துப் பலகை முழுதும் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். இன்றேல், முதலில் எழுதிய விலை நுண்துளைகளில் தங்கி, துடைத்தபின்னும் நிழலாய் நிற்கும். நேற்றைய விலைக்கே வேண்டுமென வாதாட வாடிக்கைக்காரருக்கு அது போதாதா!

தமிழ் எழுத்துக்கு இடம் தாராளமாக வேண்டும். ‘கருப்பட்டி’ என்னும் ஒரு சொல்லிலேயே ‘ரு’ கீழே இறங்குகிறது. ‘டி’ மேலே வளைகிறது. இரண்டு புள்ளிகள் தலைக்குமேல் நிற்கின்றன. ஆகவே சுண்ணத்தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்துத் தட்டி வரிக்கோடுகள் இடுக. வரிகளுக்கிடையே ஓர் எழுத்தின் உயரமேனும் விடுக.

கட்டியைச் சர்க்கரை நீரில் நனைத்து எழுதினால், முதலில் மங்கலாகத் தோன்றும் எழுத்து காயக் காயப் பளிச்சிடும். கடற்காற்றிலும் எளிதில் உதிராது. எறும்பு வருமோ என்பார்க்கு வெறும் நீரும் உதவும். அழிக்கும்போது ஈரத்துணி வேண்டும்.

பேருந்திலிருந்து எட்டிப் பார்ப்பவர் தேடுவது விலையை. அந்த இலக்கத்தை மட்டும் இருமடங்கு பெரிதாக எழுதுங்கள்.