சிறகின் நுனியில் ஒரு சேமிப்பு

அடுத்த முறை சாங்கி விமான நிலையத்திற்குச் செல்லும்போது அங்கு நிற்கும் விமானங்களின் சிறகு நுனிகளை உற்று நோக்குங்கள். பலவற்றில் அவை மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவு அழகுக்காக அமைந்ததன்று.

பறக்கும்போது சிறகின் கீழ்ப்புறத்தில் காற்றழுத்தம் மிகுதி, மேற்புறத்தில் குறைவு. இவ்வேறுபாடே விமானத்தைத் தாங்குகிறது. ஆயின் நுனியில் தடுப்பு ஏதுமில்லை. கீழுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. அச்சுழலுக்குரிய ஆற்றல் எரிபொருளிலிருந்தே போகிறது. இதனைத் 'தூண்டப்பட்ட இழுவை' என்பர் நூலோர். வகுப்பறையில் 'தூக்கலுக்குத் தரும் விலை' என்றால் மாணவர்க்கு விரைவில் விளங்கும் என்பது எம் கருத்து.

1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் நாசாவின் ரிச்சர்டு விட்கோம்ப் இந்நுனித் தகட்டை முறையாக ஆராய்ந்தார். 1979இல் தொடங்கிய பறப்புச் சோதனைகள், அதே எரிபொருளில் ஏறத்தாழ 6.5 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்லலாம் எனக் காட்டின. சிறகையே நீட்டினாலும் இழுவை குறையும். ஆனால் நிலையத்தில் நிறுத்த இடம் வேண்டுமே! அதனால்தான் போயிங் 777எக்ஸ் விமானம் தரையிறங்கியபின் 72 மீட்டர்ச் சிறகை மடித்து 65 மீட்டராக்கிக்கொள்ளும்.

"மகிழுந்துகள் மின்சாரத்தில் ஓடுகின்றனவே, விமானம் ஏன் ஓடலாகாது?" என மாணவர் வினவுவர். நல்ல வினா. கணக்கிட்டே பார்ப்போம். 2018இல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு இடைநில்லாமல் மீண்டும் பறக்கத் தொடங்கிய ஏர்பஸ் ஏ350 விமானத்தின் தொட்டிகள் 165,000 லிட்டர் கொள்ளும். எடையில் ஏறத்தாழ 130 டன். ஒரு கிலோ விமான எரிபொருளில் 43 மெகாஜூல் ஆற்றல் உண்டு. இன்றைய மின்கலத்தில் ஒரு கிலோவுக்கு ஒரு மெகாஜூல்கூட அரிது. மின்னோடி இருமடங்கு திறமுடையது எனக் கொண்டாலும், 3,000 டன் மின்கலம் வேண்டியிருக்கும். அவ்விமானம் தரையைவிட்டு எழும்பக்கூடிய உச்ச எடையோ 280 டன்தான்! மேலும் எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். மின்கலம் கொண்டுசென்ற எடையோடே இறங்கும். குறுந்தொலைவுச் சிறு விமானங்களுக்கு மின்சாரம் பொருந்தலாம். கடல் கடக்கும் பயணத்திற்கு இப்போதைக்கு இல்லை.

எஞ்சுவது மாற்று எரிபொருள். துவாஸில் உள்ள நெஸ்டே ஆலை, பொரித்து மீந்த சமையல் எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் விமான எரிபொருளாக்குகிறது. 2023இல் விரிவாக்கப்பட்டபின் அதன் ஆண்டுத் திறன் 10 இலட்சம் டன் வரை. 2026இல் எரிபொருளில் ஒரு விழுக்காடேனும் இத்தகையதாக இருக்க வேண்டுமெனச் சிங்கப்பூர் 2024இல் இலக்கு அறிவித்தது. ஒரு விழுக்காடுதானா என்று நகைக்க வேண்டா. இவ்வெரிபொருள் வழக்கமானதைவிடப் பன்மடங்கு விலையுயர்ந்தது. உலகின் உணவுக் கடைகளில் மீளும் எண்ணெய்க்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தாண்டக் காடழித்துச் செம்பனை நட்டால் நோக்கமே கெடும்.

இனி உங்கள் வினாக்களுக்கு வருவோம். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.