பரிசுக்கு முன்னாடி ஒரு வாசகர்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு சிறுகதைப் போட்டி யாருக்காக நடக்குது?

எழுதுறவங்களுக்காகத்தானேன்னு நீங்க சட்டுனு சொல்லுவீங்க. பரிசுப் பணம், சான்றிதழ், மேடை எல்லாம் அவங்களுக்குத்தானே. ஆனா எழுதுற ஆளுக்குப் பணத்தைவிடப் பெரிய தேவை ஒண்ணு இருக்கு. முன்பின் தெரியாத ஒருத்தர் தன் கதையை முழுசா படிக்கணும். அம்மா படிச்சா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நண்பன் படிச்சா ‘சூப்பர் மச்சி’ன்னு ஒரு மெசேஜ் வரும். நம்மைத் தெரியாத, நமக்கு எந்தக் கடனும் படாத ஒரு வாசகர்தான் கிடைக்கவே மாட்டேங்குறார். ஒரு போட்டி தர்ற பெரிய விஷயமே அந்த வாசகர்தான்னு நான் நினைக்கிறேன்.

ஒரு வழக்கமான போட்டி அறிவிப்பை எடுத்துக்குவோம். இத்தனை வார்த்தைக்குள்ள எழுதணும், இந்தத் தேதிக்குள்ள அனுப்பணும், சொந்தக் கற்பனைன்னு உறுதிமொழி தரணும். கடைசியில ரெண்டு வரி கட்டாயம் இருக்கும். ‘நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது. போட்டி தொடர்பாகக் கடிதத் தொடர்பு வேண்டாம்.’ சில மாசம் கழிச்சு ஒரு பட்டியல் வரும். அதுல பேர் இருந்தா விழா. இல்லைன்னா ஒண்ணுமே இல்லை.

என் நண்பர் ஒருத்தர் மூணு போட்டிக்குக் கதை அனுப்பினார். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, விடியக்காலையில உட்கார்ந்து எழுதின கதைகள் அவை. மூணுலயும் பேர் வரலை. அது பெரிய வருத்தம் இல்லைன்னார். “நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட அடுத்ததை எழுதியிருப்பேன். படிச்சாங்களா இல்லையான்னே தெரியலையே?”ன்னு கேட்டார். அதுக்கப்புறம் அவர் எழுதலை. இந்த மாதிரி எத்தனை பேர் எழுதுறதை நிறுத்தியிருப்பாங்கன்னு யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. நிறுத்தினவங்க பேர் எந்தப் பட்டியல்லயும் வராது இல்லையா?

இதுக்கு வேற வழி இருக்கான்னு கேட்டா, இருக்கு. அதுவும் நம்ம சென்னையிலேயே அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது.

1970-ல சென்னையில ‘இலக்கியச் சிந்தனை’ன்னு ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அவங்க செஞ்ச வேலை ரொம்ப எளிமையானது. அந்த மாசம் பத்திரிகைகள்ல வந்த சிறுகதைகளைத் தேடிப் படிக்கணும். அதுல சிறந்ததா ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கணும். ஏன் அந்தக் கதைன்னு மாதக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும். அந்தப் பொறுப்பை மாசத்துக்கு ஒருத்தர் ஏத்துக்குவார். வருஷக் கடைசியில பன்னிரண்டு கதைகள் சேரும். அந்தப் பன்னிரண்டுலேர்ந்து ஆண்டின் சிறந்த கதையை இன்னொருத்தர் தேர்ந்தெடுப்பார். பன்னிரண்டும் சேர்ந்து வானதி பதிப்பக வெளியீடா புத்தகமா வரும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. எழுதுறவர் எங்கேயோ இருப்பார். அவர் கதை ஏதோ ஒரு பத்திரிகையில வந்திருக்கும். வாசகர்தான் தேடிப் போறார். வழக்கமான போட்டியில கதை நடுவரைத் தேடிப் போகும், இங்க வாசகர் கதையைத் தேடி வர்றார். திசை மாறினா எழுதுற ஆளோட மனசும் மாறுது. ‘இந்த நடுவருக்கு என்ன பிடிக்கும்?’னு யோசிச்சு எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியதை எழுதினாப் போதும்.

இது ஒரு ஆளுக்கு என்ன செய்யும்னு பார்க்க ஒரு உதாரணம் சொல்றேன். 1975-ல குமரி மாவட்டத்துலேர்ந்து பம்பாய்க்கு வேலைக்குப் போயிருந்த ஒரு இளைஞர் ‘விரதம்’னு ஒரு கதை எழுதினார். அவரோட முதல் சிறுகதை அது. நா. பார்த்தசாரதி நடத்திட்டிருந்த ‘தீபம்’ இதழ்ல வெளியாச்சு. அந்த மாசத்தின் சிறந்த கதையா அதை இலக்கியச் சிந்தனை தேர்ந்தெடுத்துச்சு. அந்த இளைஞர்தான் நாஞ்சில் நாடன். பின்னாடி 2010-ல ‘சூடிய பூ சூடற்க’ தொகுப்புக்காக சாகித்ய அகாதெமி விருது வாங்கினார்.

அந்தத் தேர்வு இல்லைன்னா அவர் எழுதியிருக்க மாட்டார்னு நான் சொல்ல வரலை. அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. பம்பாய்ல வேலை பார்க்குற ஒருத்தரோட முதல் கதையை, அவர் யாருன்னே தெரியாத ஒருத்தர் சென்னையில உட்கார்ந்து படிச்சிருக்கார். அந்த மாசத்துக் கதைகளுக்கு நடுவுல வச்சுப் பார்த்து, ‘இதுதான்’னு சொல்லியிருக்கார். இன்டர்நெட் இல்லாத காலம் அது. இன்னைக்கு நம்ம கையில போன் இருக்கு, இத்தனை ஆப் இருக்கு. ஆனா முதல் கதை எழுதின ஒருத்தருக்கு இப்படி ஒரு வாசகர் கிடைக்கிறது சுலபமாயிருக்கா? எனக்குச் சந்தேகம்தான்.

இந்த முறையில குறை இல்லாம இல்லை. ஒருத்தரோட ரசனைதான் அந்த மாசத்தைத் தீர்மானிக்குது. அவர் கண்ணுல படாத சின்னப் பத்திரிகைக் கதை தப்பிப் போகலாம். அவருக்கு நகைச்சுவையே பிடிக்காம இருக்கலாம். ஆனா அவர் நம்ம முன்னாடி நின்னு காரணம் சொல்றார். ‘அந்தக் கதையை ஏன் விட்டீங்க?’ன்னு எழுந்து கேட்க ஒரு கூட்டம் இருக்கு. சண்டை போட ஒரு முகம் இருக்கு. ‘தீர்ப்பே இறுதியானது’ங்குற வரிக்கு அங்க வேலை இல்லை.

போட்டிகள் வேற ஒரு வேலையும் செஞ்சிருக்கு. ‘கணையாழி’ இதழ் தி. ஜானகிராமன் நினைவா குறுநாவல் போட்டி நடத்தினது இலக்கிய வாசகர்கள் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். குறுநாவல்ங்குறது ஒரு இக்கட்டான அளவு. வாரப் பத்திரிகையில ஒரே இதழ்ல போட முடியாத நீளம், தனிப் புத்தகமா போட்டா ரொம்ப மெலிசு. அப்படி இடமே இல்லாத வடிவத்துக்கு ஒரு போட்டி இடம் போட்டுக் கொடுத்துச்சு. ‘இதை எழுதுங்க, நாங்க படிக்கிறோம்’னு ஒருத்தர் சொன்னாத்தான் அறுபது, எழுபது பக்கம் எழுதத் துணிச்சல் வரும். அங்கயும் அடிப்படை அதேதான், வாசகர் இருக்கார்ங்குற உறுதி.

இனி கூட்டங்களுக்கு வருவோம். எழுத்தாளர் ஞாநி 2009-ல கே.கே. நகர்ல தன் வீட்டுக் கிணத்தடியில மாசா மாசம் ஒரு சந்திப்பு நடத்த ஆரம்பிச்சார். எழுத்தாளர் பாஸ்கர் சக்தியும் அதுல கூட இருந்தார். பேரே ‘கேணி’தான். ஒரு எழுத்தாளர் வருவார், பேசுவார். அப்புறம் வந்தவங்க கேள்வி கேட்பாங்க. பொன்னாடை, மலர்க்கொத்துன்னு சடங்கு இல்லாம எழுத்தாளரையும் வாசகரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்ச இடம் அது. கோயம்புத்தூர்ல விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010-லேர்ந்து விருது விழா நடத்துது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. விருது கொடுக்கிறதோட நிறுத்தாம, எழுத்தாளர்களை உட்கார வச்சு வாசகர்கள் அவங்க புத்தகங்களைப் பத்திக் கேள்வி கேட்குற அரங்குகளும் நடக்கும். புத்தகத்தைப் படிக்காம அங்க போய் உட்கார்ந்தா நமக்கே கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சம் நல்லதுன்னுதான் சொல்லுவேன்.

சரி, இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ‘என் கதை போட்டியில இருக்கு, லிங்க்கை அழுத்தி அஞ்சு ஸ்டார் போடுங்க’ன்னு உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். எனக்கும் வரும். அனுப்புறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை, விதி அப்படி இருந்தா அவங்க என்ன செய்வாங்க? ஆனா ஓட்டு எண்ணிக்கை எதை அளக்குது? அந்த ஆளுக்கு எத்தனை சொந்தக்காரங்க, எத்தனை ஆபீஸ் குரூப்புன்னுதான் அளக்குது. ஆயிரம் பேர் அழுத்தியிருப்பாங்க. கதையில மூணாவது பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டா எத்தனை பேர் சொல்லுவாங்க?

நடத்துறவங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். நான் ஒரு சின்னப் போட்டிக்கு முதல் சுற்று வாசகரா இருந்திருக்கேன். சம்பளம் கிடையாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து படிக்கணும். பத்துக் கதை தாண்டினதும் கண்ணு சொருகும். எல்லாருக்கும் பதில் எழுத முடியாதுங்குறது பொய் இல்லை. ஆனா நாங்க ஒரு முடிவு எடுத்தோம். ஒவ்வொரு கதைக்கும் ரெண்டே ரெண்டு வரி. ஒண்ணு, கதையில எது மனசுல நின்னுச்சு. இன்னொண்ணு, எந்த இடத்துல கவனம் விலகிச்சு. இதை எழுத ஒரு கதைக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆச்சு, அவ்வளவுதான். தேர்வாகாத பல பேர் நன்றி சொல்லி எழுதினாங்க. ஒருத்தர் மட்டும் நீளமா சண்டை போட்டார். அந்தச் சண்டையும் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சண்டை போடுற ஆள் அடுத்த கதையை எழுதிடுவார்.

இதைக் கேட்டுட்டிருக்குற உங்ககிட்ட ஒண்ணு சொல்லத் தோணுது. ஒரு போட்டி நடத்த ஸ்பான்சர், அரங்கம், மைக் எதுவும் வேண்டாம். அஞ்சு பேர் போதும். ஆபீஸ்ல, அப்பார்ட்மெண்ட்ல, காலேஜ் பழைய குரூப்புல அஞ்சு பேரைப் பிடிங்க. இன்னைக்கு இணைய இதழ்கள்ல மாசத்துக்கு எக்கச்சக்கமா கதை வருது. எல்லாத்தையும் படிக்க முடியாது. அதனால நாலு இதழை மட்டும் முடிவு பண்ணிக்குங்க. மாசத்துக்கு ஒருத்தர் பொறுப்பு. அந்த நாலு இதழ்ல வந்த கதையெல்லாம் அவர் படிக்கணும். மாசக் கடைசி சனிக்கிழமை ஒரு டீக்கடையிலயோ மொட்டை மாடியிலயோ கூடுங்க. அவர் தேர்ந்தெடுத்த கதையை மத்தவங்க படிச்சுட்டு வரணும். ஏன் இதுன்னு அவர் பத்து நிமிஷம் பேசணும். மத்தவங்க மறுத்துப் பேசலாம், பேசணும்.

அதுக்கப்புறம் ஒரு வேலை இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க. அந்தக் கதையை எழுதினவருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. இதழோட முகவரிக்கு அனுப்பினா அவங்க சேர்த்துடுவாங்க. ‘நாங்க அஞ்சு பேர் உங்க கதையைப் படிச்சோம். ரெண்டு பேருக்கு முடிவு பிடிக்கலை. மூணு பேருக்குப் பிடிச்சுது. இதுதான் காரணம்’னு எழுதினாப் போதும். பரிசுப் பணம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.

அந்த ராத்திரி ஷிஃப்ட் நண்பர் மாதிரி யாரோ ஒருத்தர் அடுத்த கதையை எழுதலாமா வேண்டாமான்னு எங்கேயோ யோசிச்சுட்டு இருப்பார். உங்க கடிதம் வந்தா அவருக்கு ஒரு விஷயம் மட்டும் உறுதியாத் தெரியும். கதையைப் படிச்சிருக்காங்க.

இந்த மாசம் நீங்க தேர்ந்தெடுத்த கதை எதுன்னு எனக்கும் சொல்லுங்க. நானும் தேடிப் படிக்கிறேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.