மீண்டவருக்கு ஒரு சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாம்பரத்தில் கூடியிருக்கும் இந்த அவையில், ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயரிலிருந்து உரையைத் தொடங்குவது பொருந்தும். குரோம்பேட்டையை அடுத்து வரும் அந்நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சவுரிமுத்து, காசநோயாளர் தங்கிக் குணம் பெறுவதற்கென இங்கு நிறுவிய மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். காசநோய் என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சிய காலம் அது. நோயாளி உண்ட தட்டையும் குடித்த குவளையையும் திண்ணையில் தனியே வைத்த காலம். இன்று அன்றாடம் வேலைக்குச் செல்வோர், 'சானடோரியத்தில் இறங்க வேண்டும்' என்று எவ்விதக் கூச்சமுமின்றிச் சொல்கின்றனர். ஒரு நோயின் இல்லம் ஊரின் முகவரியாகிவிட்டது. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளரையும் அம்மருத்துவமனை ஏற்றுக் கொண்டது. அஞ்சி விலக்கிய சொல்லையும் மக்கள் நாவு காலப்போக்கில் ஏற்றுக் கொள்ளும் என்பதற்குத் தாம்பரமே சான்று.

அந்தப் பேறு இன்னும் வாய்க்காத நோய் ஒன்று உண்டு. அது குடிநோய். அதற்கென உறைவிடச் சிகிச்சை பெறுவோரின் பட்டறிவையும், அதில் மொழிக்கு உள்ள பங்கையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஏசும் சொல்

கள், நறவு, தேறல், மட்டு எனப் பழந்தமிழில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில், அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட பண்பும் நினைக்கப்படுகின்றது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே, தொண்ணூற்று மூன்றாவது அதிகாரமாக அது நிற்கின்றது. மது குறித்த மகிழ்ச்சியும் கண்டனமும் ஆகிய இரண்டையும் தமிழ் பாடியிருக்கின்றது. மதுவிலிருந்து மீண்டு வந்தவனை அது போதிய அளவு பாடவில்லை.

வழக்கிலுள்ள சொல் 'குடிகாரன்' என்பதே. வண்டிக்காரன், பால்காரன், பூக்காரி என்பன தொழிலால் வந்த பெயர்கள். மாலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிய பின் வண்டிக்காரன் தகப்பனாகின்றான், கணவனாகின்றான். குடிகாரன் மட்டும் குடிக்காத பொழுதிலும் குடிகாரனே. அவனுடைய தள்ளாட்டத்தையும் குழறலையும் திரைப்படம் நகைச்சுவையாக்கிற்று. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற பழமொழி உண்மையே. எனினும் கெட்ட குடி மீண்டும் தழைத்ததைச் சொல்ல ஒரு பழமொழி வழக்கில் இல்லை.

இச்சூழலில் சிகிச்சை நிலையங்கள் வழங்கிய 'குடிநோயாளி' என்னும் சொல் பெரிதும் எண்ணத்தக்கது. மதுவடிமைத்தனம் ஒரு நோய் என்பதை அமெரிக்க மருத்துவக் கழகம் 1956இல் ஏற்றது. 'நோய் என்றால் அவன் பொறுப்புக் கழன்றுவிடாதா?' என்று சிலர் வினவக்கூடும். நீரிழிவு உள்ளவரிடம் 'இது நோய்' என்று சொல்வது இனிப்பை உண்ணலாம் என்பதற்கன்று. இனி எச்சரிக்கையோடு வாழ வேண்டும் என்பதற்கே. குடிநோயும் அத்தகையதே. ஏச்சு ஒருவனை மூலையில் தள்ளுகின்றது. நோயின் பெயரோ மருந்தையும் கடமையையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது.

அடையாற்றில் ஒரு நிலையம்

இத்துறையில் தமிழகத்தின் முன்னோடி நிறுவனம் சென்னையின் தென்பகுதியிலேயே இருக்கின்றது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியாரின் பேரன் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் இத்துறையில் பயிற்சி பெற்று, 1980இல் கணவரின் பெயரால் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வளர்ச்சியே. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் சார்ந்த வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன.

விருதுகளினும் அவர் செய்த முதற்செயலே பெரிது. கணவனின் குடியை மூடி மறைப்பதே குலப்பெருமை என்று கருதிய காலத்தில், ஒரு பெருங்குடும்பத்தின் இளம்பெண் தம் கணவர் இறந்த காரணத்தை ஊரறியச் சொன்னார். அந்த மருத்துவமனைக்கு அடிக்கல்லாக அமைந்தது அவ்வுண்மையே எனலாம்.

ஒரு மாதம்

இத்தகைய நிலையங்களில் உறைவிடச் சிகிச்சை ஏறத்தாழ ஒரு மாதம் நடைபெறும். பல்லாவரத்துப் பட்டறைத் தொழிலாளியாயினும், குரோம்பேட்டை வங்கி அலுவலராயினும், கல்லூரி மாணவராயினும் வாயிலில் வந்து நிற்கும் கோலம் ஒன்றே. 'எனக்கு ஒன்றுமில்லை, நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்' என்பதே முதற்பேச்சு. பக்கத்தில் நிற்கும் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியங்கள் எத்தனை என்பது அவளுக்குத் தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாளும் தொடாதவன், மாலையைக் கழற்றிய அன்றே தொட்டதையும் அவள் கண்டவள். நிறுத்துதல் வேறு, மீளுதல் வேறு என்பதை அவள் வாழ்க்கை அவளுக்குக் கற்பித்திருக்கின்றது.

முதற்கட்டம் உடலுக்குரியது. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்வை கொட்டும், உறக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் இறந்தவர் அழைப்பதாகவும் காண்பர், கேட்பர். உயிருக்கே இடரான நிலை இது. ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கப்படும் மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும் தேவைப்படுகின்றன. 'அறையில் போட்டுப் பூட்டினால் தானே தெளியும்' என்னும் ஊர் மருத்துவம் எத்துணைக் கொடியது என்பது இதனால் புலனாகும்.

உடல் தேறிய பின்னர் இரண்டாம் கட்டம் தொடங்குகின்றது. அது பேச்சுக்குரியது. நோயாளர் நாற்காலிகளை வட்டமாக இட்டு அமர்கின்றனர். ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்ல வேண்டும். இலக்கணம் அறிந்தோர் ஊன்றிக் கேட்க வேண்டிய இடம் இது.

தொடக்கத்தில் அவர்கள் பேச்சு முழுவதும் தன்வினையாகவே அமைகின்றது. 'அன்றைக்குச் சண்டை வந்துவிட்டது', 'கண்ணாடி உடைந்துவிட்டது', 'பள்ளிக் கட்டணம் செலவாகிவிட்டது', 'வேலை போய்விட்டது'. எல்லாம் தாமே நிகழ்ந்தவை போலவும், சொல்பவர் ஓரமாக நின்று பார்த்தவர் போலவும் அவ்வாக்கியங்கள் ஒலிக்கின்றன. அருகிலிருப்பவர் கடிந்து கொள்வதில்லை. அவரும் சென்ற வாரம் அவ்வாறு பேசியவரே. தம் கதையை அவர் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் ஏதோ அசைகின்றது. பின் ஒருநாள் வாக்கியம் மாறுகின்றது. 'கண்ணாடியை உடைத்தேன்.' 'மகளின் கட்டணத்தை எடுத்துக் குடித்தேன்.' தன்வினை பிறவினையாகின்றது. மறைந்திருந்த எழுவாய் வெளிப்படுகின்றது. சிகிச்சையின் திருப்புமுனை அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றது என்றால் மிகையாகாது.

இம்முறைக்கு வேர் அமெரிக்காவில் உள்ளது. 1935இல் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளர். ஒருவர் தம் கதையை மற்றவரிடம் சொல்லும் பொழுது குடிக்கும் வேட்கை தணிவதைக் கண்டனர். அங்ஙனம் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம். 1957இல் இந்தியாவுக்கு வந்த அது, இன்று சென்னையிலும் கூட்டங்கள் நடத்துகின்றது. அங்கே முழுப்பெயர் கேட்கப்படுவதில்லை. தீங்கிழைக்கப்பட்டோரின் பட்டியலை எழுதுவதும், இயன்ற வரையில் அவர்க்கு ஈடு செய்வதும் அதன் பன்னிரு படிகளில் அடங்கும். பெயரை விடுத்தபின் உண்மை பேசுவது எளிதாகின்றது. புனைபெயரில் எழுதிப் பழகிய கவிஞர்க்கு இதன் நுட்பம் விளங்காமற் போகாது.

குடும்பத்தார்க்கும் தனி வகுப்புகள் உண்டு. 'காய்ச்சல்' என்று பொய் சொல்லி அலுவலகத்திற்கு விடுப்புக் கடிதம் எழுதியவள், புட்டியை அரிசிப் பானையில் ஒளித்தவள், வட்டிக்கடையில் தாலியை வைத்தவள் என அவளுக்கும் ஒரு கதை இருக்கின்றது. பல ஆண்டுகளாக யாரும் கேட்காத கதை அது. கணவனின் நோய்க்குத் தான் காரணமல்லள் என்பதை அவள் அங்கேதான் முதன்முதலாகக் கேட்கின்றாள். பெண்ணே குடிநோயாளியாக இருப்பின் அவளுக்குப் பழி இருமடங்கு; வாயில்வரை அழைத்து வருவதற்குக்கூட ஆள் கிடைப்பதில்லை.

வாயிலுக்கு வெளியே

2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவரே.

தமிழகத்தின் விவாதம் பெரும்பாலும் கடையைப் பற்றியது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றது. கடை திறப்பதா, மூடுவதா என்ற வழக்கில், ஏற்கெனவே நோயுற்றவனைப் பற்றிய பேச்சு இரு சாராரிடமும் அருகியே இருந்துவந்துள்ளது.

அவனை வதைக்கும் இடங்களும் உண்டு. 'மறுவாழ்வு' என்று பெயர்ப்பலகை மாட்டிய சில இல்லங்களில் அடியும் பூட்டும் மருந்தாக வழங்கப்பட்ட செய்திகள் நாளேடுகளில் வந்துள்ளன. 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதைத் தமிழகம் மறந்திருக்காது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கேடுகளையும் தன் வரம்பில் சேர்த்துள்ளது. அச்சட்டம் சங்கிலியிடுவதைத் தடுக்கின்றது. கட்டாயமாக மொட்டையடிப்பதையும் தடுக்கின்றது. சொந்த ஆடை அணியும் உரிமையை அளிக்கின்றது. சட்டம் மனிதன் என்று ஏற்றவனைச் சொல்லும் மனிதன் என்று ஏற்க வேண்டும்.

ஏனெனில் மெய்யான தேர்வு சிகிச்சை முடிந்த மறுநாள் தொடங்குகின்றது. தெருமுனைத் தேநீர்க் கடையில், 'என்னப்பா, இது எத்தனை நாளைக்கு?' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கின்றார். திருமண வீட்டில், 'ஒரு நாள்தானே' என்று நண்பர் தோளில் கை போடுகின்றார். 1948இல் டென்மார்க்கு நாட்டில் வெளிப்படுத்தப்பட்ட டைசல்பிராம் மாத்திரையை அவர் நாள்தோறும் உட்கொள்ளக்கூடும். அதனோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அவ்வச்சம் ஒரு காவல். ஆனால் தெருவின் சிரிப்புக்கு மாத்திரை இல்லை. சிலர் மீண்டும் விழுகின்றனர். விழுந்தவரை மருத்துவர் மறுபடியும் ஏற்கின்றனர். தெருவோ, 'அன்றைக்கே சொன்னேனே' என்று மகிழ்கின்றது.

இதனை உணர்ந்தே அடையாற்று நிறுவனத்தார் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தினர். ஊருக்குள்ளேயே சிகிச்சை நடைபெறும் பொழுது, நோயாளியோடு ஊரும் பாடம் கற்கின்றது.

கவிஞர் கடமை

ஊருக்குச் சொல்லைக் கற்பிப்பவர் கவிஞர். பதவுரை எழுதுவோர் அன்று. பாடுவோரே சொல்லை மக்கள் நாவில் ஏற்றுகின்றனர். குடியைப் பழிக்கும் பாடல்கள் இருக்கின்றன, இருக்கட்டும். குடித்துக் கெட்டவனின் வீட்டுத் துயரம் கதைகளில் இருக்கின்றது, அதுவும் இருக்கட்டும். முப்பதாம் நாள் மாலையில், துணிப்பையோடு தாம்பரம் நிலையத்தில் இறங்கித் தன் தெருவுக்குள் நுழைய அஞ்சி நிற்பவனை அழைக்க ஒரு சொல் வேண்டும். 'மீண்டவர்' என்பது அச்சொல்லாக இருக்கலாம். அதனினும் சிறந்ததொன்றை இவ்வவையில் உள்ள கவிஞர் ஒருவர் தரவும் கூடும்.

இவ்வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து விழா எடுக்கின்றது. மீண்டவரின் வட்டங்களிலும் ஆண்டு நிறைவுகள் கொண்டாடப்படுகின்றன. ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு குடியாமல் இருந்தவர் எழுந்து நின்று தம் கதையைச் சொல்ல, மற்றவர் கைதட்டுகின்றனர். அவர்கள் ஆண்டுகளை எண்ணி வாழ்வதில்லை. 'இன்று ஒரு நாள்' என்று காலையில் எண்ணுவர். அத்தகைய மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் நாள்களே பத்தாண்டாகின்றன. அவ்விழாவிலும் இவ்வட்டத்தார் ஒருநாள் சென்று அமர வேண்டும். பாடுவதற்கு முன் அங்கே கேட்டுவிட்டு வர வேண்டும். சொல் அங்கிருந்தே பிறக்கும்.