சோதனை ஊசிக்குக் கை நீட்டுவது யார்?



போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அங்கே கப்பல் ஏறினால் சென்னை போய்ச் சேர இன்றும் ஏறக்குறைய மூன்று நாள்தான். அந்தமான் தமிழர்களுக்குச் சென்னை பழகிய ஊர். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி 1986-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த ஊரில்தான். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதைக் கண்டறிந்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2006 ஜனவரியில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. நல்ல உடல்நலம் உள்ள 32 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள்.

“ஊசி போட்டால் எய்ட்ஸ் வந்துவிடாதா?”

கப்பல் தொழிலாளி ஒருவர் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஊசியில் முழுக் கிருமி கிடையாது. திருடனின் படத்தைக் காவல்காரரிடம் காட்டி வைக்கிறோம் அல்லவா? படம் திருடாது. அதுபோலக் கிருமியின் சில கூறுகளை மட்டும் உடம்புக்குக் காட்டுகிறார்கள். அதனால் எச்.ஐ.வி. தொற்றாது.

முதல் கட்டத்தில், ஊசியால் உடம்புக்குத் தீங்கு உண்டா என்று பார்ப்பார்கள். ஊசி நோயைத் தடுக்கிறதா என்று அறிய, தொற்று ஆபத்து அதிகம் உள்ளவர்களும் வர வேண்டும். பாலியல் தொழில் செய்வோர், ஊசியால் போதைமருந்து ஏற்றுவோர், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோர் இவர்கள். தடுப்பூசி மிகவும் தேவைப்படுவதும் இவர்களுக்கே. வரத் தயங்குவதும் இவர்களே. பெயர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? வாடகை வீடு போகும், பிள்ளைக்குப் பள்ளியில் பேச்சு வரும்.

ஆனாலும் வந்தவர்கள் உண்டு. தாய்லாந்தின் பாங்காக் நகரில் 1999-இல் ஒரு சோதனை தொடங்கியது. ஊசியால் போதைமருந்து ஏற்றும் சுமார் 2,500 பேர் அதில் சேர்ந்தார்கள். “இவர்களை நம்ப முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு அவர்களே பதில். 2003-இல் முடிவு வந்தது. அந்த ஊசி நோயைத் தடுக்கவில்லை.

சேருகிறவர் முன்பே அறிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை, உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைத்தான் தேடும். தடுப்பூசியும் அந்தச் சத்தை உண்டாக்கலாம். நோயே இல்லாதவருக்கும் ‘எச்.ஐ.வி. உண்டு’ என்று முடிவு வரலாம். கப்பல் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் பிழைப்பு என்னாவது? கிருமியையே தேடும் தனிப் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்து கொடுப்பதும், சோதனையில் சேர்ந்தவர் என்று சான்று தருவதும் ஆராய்ச்சி செய்வோரின் பொறுப்பு. கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போடுவார்கள். யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். ஆகவே ஊசி போட்டாயிற்று என்று ஆணுறையை விட்டுவிடக் கூடாது.

எச்.ஐ.வி. பற்றி 2017-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 2018 முதல் நடப்பில் உள்ளது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. உள்ளவர்களை ஆராய்ச்சிக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அது. சேர்ந்த பிறகு பிடிக்காவிட்டால் நடுவிலே விலகலாம். அதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

எச்.ஐ.வி. தடுப்பூசி இன்னும் கடைக்கு வரவில்லை. யாராவது விற்றால் அது ஏமாற்று. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது.