பழைய துவக்கும் புதிய தோட்டாவும்

வன்னி நிலம் குளங்களின் நிலம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய பெருங்குளங்களின் கீழே வயல்கள் விளைகின்றன. வயலின் வரம்பு முடியுமிடத்திலேயே காடு தொடங்கிவிடுகின்றது. நெற்கதிர் தலைசாய்க்கும் நாட்களில் காட்டுப்பன்றிகள் இரவோடிரவாக வயலுக்குள் இறங்குகின்றன. ஆகவே, காவற்கொட்டிலும் தீப்பந்தமும் துவக்கும் வன்னி உழவனின் நெடுநாளைய துணைகளாக இருந்து வந்துள்ளன.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். அனுமதி முறையாக இருப்பதனால் மட்டும் துவக்கு ஆபத்தற்றதாகிவிடாது. துவக்கு பாட்டன் காலத்ததாக இருக்கலாம். தோட்டாவோ நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இயைந்தவைதாமா என்று ஆராய்வது, விசையைத் தொடுமுன் செய்யவேண்டிய முதற் கடமையாகும்.

‘உள்ளே நுழைகின்றதே, பிறகென்ன?’ என்று கேட்பவர் உண்டு. தவறு பிறக்குமிடம் அதுவே. ‘பன்னிரண்டு போர்’ எனப்படும் 12ஆம் இலக்கத் துவக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் குறுக்களவு எதுவோ அதுவே இத்துவக்கின் குழலளவு. குழலளவு ஒன்றாயினும், தோட்டா அமரும் அறையின் நீளம் எல்லாத் துவக்குகளிலும் ஒன்றன்று. பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் அது 2½ அங்குலம்; பிற்காலத்தனவற்றில் 2¾ அங்குலம்; ‘மாக்னம்’ எனப்படும் வலுக்கூடிய தோட்டாவுக்கானவற்றில் 3 அங்குலம்.

தோட்டாவின் மீதோ பெட்டியின் மீதோ பொறிக்கப்படும் நீளம், அது வெடித்து வாய் விரிந்த பின்னுள்ள நீளமாகும். வெடிக்குமுன் அதன் வாய் உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். ஆதலால் 2¾ அங்குலத் தோட்டா, மடிந்த நிலையில் 2½ அங்குல அறையினுள் தடையின்றிச் சென்று அமர்ந்துவிடும். துவக்கும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் வெடிக்கும் கணத்தில் அந்த மடிப்பு விரிவதற்கு இடமிராது. அறை முடிந்து குழல் ஒடுங்கும் பகுதியில் தோட்டாவின் வாய் சென்று நெருக்க, சன்னமும் தக்கையும் அந்த இறுகிய வழியாகவே வெளியேற நேரிடும். உள்ளே அமுக்கம் அளவுமீறி உயரும். நல்ல குழல் சிலகாலம் தாங்கலாம். நலிந்த குழல் பிளந்துவிடலாம். குழலைத் தாங்கும் இடக்கையும், அதன் அருகிலுள்ள முகமும் கண்ணுமே அதற்கு விலை கொடுக்கும்.

கைத்துப்பாக்கி செய்வோர் இவ்வாபத்தை ஓரளவு முன்னுணர்ந்திருந்தனர். 1935இல் அமெரிக்காவில் ‘.357 மாக்னம்’ தோட்டா வெளிவந்தபோது, பழைய ‘.38 ஸ்பெசல்’ தோட்டாவிலும் அதன் கூட்டை ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் நீட்டினர். வலுக்கூடிய புதிய தோட்டா வலுக்குறைந்த பழைய சுழல்துப்பாக்கியினுள் நுழையாதிருத்தற்பொருட்டே அவ்வாறு செய்தனர். சன்னத் துவக்கிலோ அத்தகைய காவல் இல்லை. அங்கே காவலாக நிற்கவேண்டியது சுடுபவனின் அறிவே.

அவ்வறிவுக்கு உதவும் சான்று துவக்கிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இலண்டனிலும், 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையிலும், வழமையிலும் மிகுந்த வெடிமருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்த பின்னரே குழல்களில் முத்திரை குத்துவர். குழலைக் கழற்றி அடிப்புறம் பார்த்தால் அம்முத்திரைகளைக் காணலாம். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டமைக்கான ஆங்கிலக் குறி அங்கே உண்டா என்று முதலிற் பார்க்கவேண்டும். 1954க்குப் பின் சோதிக்கப்பட்ட துவக்காயின், அறையின் நீளத்துடன் சதுர அங்குலத்துக்கு 3 தொன் அல்லது 3¼ தொன் என்பது போன்ற அமுக்க அளவும் காணப்படலாம். ‘குண்டுக்கு உரியதன்று’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், அக்குழலின் வாய் ஒடுக்கமானது. பன்றிக்கென்று ஒற்றைக் குண்டை அதில் இடலாகாது.

இரும்புப் பட்டையும் உருக்குப் பட்டையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய குழல்களை, அவற்றின் மேல் ஓடும் அலைபோன்ற வரிகளால் அடையாளங் காணலாம். இவை ‘தமாஸ்கஸ்’ குழல்கள் எனப்படும். இவற்றுட் பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தன. பற்றவைத்த இடங்களினூடே துரு உள்ளோடியிருப்பினும் அது வெளியே தெரியாது. இத்தகைய துவக்கைத் தக்க துவக்குத் திருத்துநரிடம் காட்டாமல் இக்காலத் தோட்டாவை இடுவது துணிவன்று, அறியாமை. வாய்வழி மருந்திடும் இடியன் துவக்கில் புகையில்லா மருந்தை ஒருபொழுதும் இடலாகாது.

தோட்டா வாங்கும்போது துவக்கின் அறை நீளத்துக்கு மிகாததையே கேட்டு வாங்கவேண்டும். அதிலும் சன்ன நிறை குறைந்த மெல்லிய தோட்டாவே முதிய துவக்குக்கு நன்று. ‘மாக்னம்’ என்ற சொல்லும் உருக்குச் சன்னமும் பழைய துவக்குக்கு ஆகா. ஈயம் நெகிழ்ந்து கொடுக்கும், உருக்கு கொடாது. 20ஆம் இலக்கத் தோட்டாவையும் 12ஆம் இலக்கத் தோட்டாவையும் ஒரே பையில் வைத்தலும் பெருந்தவறு. இருட்டில் மாறியிட்ட 20ஆம் இலக்கத் தோட்டா அறையைக் கடந்து குழலினுள் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12ஆம் இலக்கத் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். காகிதக் கூடு ஈரத்தால் ஊதிய தோட்டாவையும், பித்தளை பச்சை பூத்த தோட்டாவையும் விலக்கவேண்டும். சுடுமுன் குழலினூடே வெளிச்சம் பார்ப்பதும் இன்றியமையாதது. குளவி மண்கூடு கட்டியிருந்தால் அதுவே அடைப்பாகும்.

வன்னிக்கே உரிய வேறோர் எச்சரிக்கையும் உண்டு. 2009இல் முடிவுற்ற போரின் எச்சங்கள் அம்மண்ணில் புதையுண்டு கிடந்தன. அவற்றை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடைபெற்று வந்துள்ளது. உழவின்போது தோன்றும் ரவையையோ குண்டையோ தொடுதலும், அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் துவக்குக்குப் பயன்படுத்த எண்ணுதலும் உயிரோடு விளையாடுவதாகும். அம்மருந்தின் வேகம் யாது, வலு யாது என்று எவராலும் பார்வையாற் சொல்லமுடியாது. இடத்தை அடையாளமிட்டு, விலகி நின்று, பொலிசாருக்கு அறிவிப்பதே முறை.

ஓரிரவு பன்றி தின்ற நெல்லை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். பிளந்த குழல் பறித்த விரலும் விழியும் எந்தப் போகத்திலும் திரும்பா. ஆகவே அறையை அளந்து, முத்திரையை அறிந்து, தோட்டாவைத் தேர்ந்த பின்னரே பழைய துவக்கைக் கையிலெடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றிலேனும் ஐயமிருப்பின் அத்துவக்கு சுவரிலேயே தொங்கட்டும். அன்றிரவுக் காவலுக்குத் தீப்பந்தம் போதும்.