பறுவம் பார்த்து வரும் விடுமுறை

புளியங்கூடலில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகிறீர்கள். வங்கி பூட்டு. அட, இன்றைக்குப் போயா!

பறுவம், அதாவது முழுநிலவு, வந்தால் போயா. நாடு முழுக்க விடுமுறை. கொழும்பிலும் அதுதான், எங்கள் தீவிலும் அதுதான். வங்கி பூட்டு, கந்தோர் பூட்டு. சாராயக் கடையும் பூட்டு. அதை மட்டும் சிலர் முதல் நாளே மறக்காமல் ஞாபகம் வைத்திருப்பார்கள்!

ஒரு காலம் ஞாயிற்றுக்கிழமைக்கே லீவு இல்லை, தெரியுமா? 1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டது. பதிலுக்குப் போயா. அமாவாசை, பறுவம், இரண்டு அட்டமி. மாதத்துக்கு நாலு போயா.

அங்கேதான் சிக்கல். நிலவு ஏழு நாளுக்குள் அடங்காது. பறுவத்துக்குப் பறுவம் இருபத்தொன்பதரை நாள். நாலேழு இருபத்தெட்டு. மிச்ச ஒன்றரை நாளை எங்கே வைப்பது? சில வாரத்துக்கு எட்டு நாள் வந்தது! ஊர்காவற்றுறையில் ஞாயிறு பூசை கண்டவர் கந்தோருக்கு ஓடவேண்டியிருந்தது. கொழும்பு திறந்தால் லண்டன் பூட்டு, லண்டன் திறந்தால் கொழும்பு பூட்டு. கப்பல் வியாபாரம் எப்படி நடக்கும்?

1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பறுவப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. அதனால்தான் அது ஒரே திகதியில் நிற்பதில்லை. நிலவோடு நகரும். சிலவேளை ஒரே மாதத்தில் இரண்டு வரும்.

போயா அன்று நயினாதீவுக்குப் போகிறவர்கள், படகு ஏறும் குறிகட்டுவானுக்கு வெள்ளெனவே போங்கள். தெற்கிலிருந்து அங்குள்ள நாகவிகாரைக்கு வரும் சனமும் அதே படகுக்குத்தான் நிற்கும்.